சப்பாணி கொட்டாத பிள்ளைகள்

பலெர்மோவுக்கு வந்துசேர்ந்த எம்மவரில் முதல் தலைமுறையினருக்கு இந்த நகரம் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில்தான் தொடங்கியது. ரோமில் ஏறிய ரயில் இரவிரவாக ஓடி, இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்ற துறையில் துண்டுதுண்டாகக் கழற்றப்பட்டுக் கப்பலுக்குள் ஏற்றப்படும். ரயில் கப்பலில் ஏறும் என்று எமக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெட்டி ஆடியபோது பொலிஸ்தான் ரயிலை மறித்துவிட்டதென்று நினைத்துக் கழிவறைக்குள் போய் ஒளித்தவர்கள் எம்மிடையே உண்டு. மெசினாவில் மீண்டும் பூட்டப்பட்டு, கடற்கரையோரமாக ஊர்ந்து வந்து நின்றால், அது 1886இல் திறக்கப்பட்ட பழைய கட்டடம். வாசலுக்கு வந்தால் எதிரே குதிரைமேல் ஓர் அரசர். அவருக்கு அப்பால் வியா ரோமா.

1983க்குப் பிறகு சிறிது சிறிதாக வந்தோம். 1990 பெப்ரவரியில் நிறைவேறிய மார்தெல்லி சட்டம், 1989 டிசம்பர் 31க்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்டவர்கள் தாள் எடுக்க வழி திறந்தது. தாள் கிடைத்ததும் குடும்பம். குடும்பம் வந்ததும் பிள்ளை. எமது வேலைகள் பெரும்பாலும் வீட்டு வேலைகள். விடியற்காலையில் நிலையத்துக்கு முன்னாலிருந்து புறப்படும் 101ஆம் இலக்க பஸ்ஸில், வியா லிபர்த்தா பக்கத்து வீடுகளுக்குப் போகும் எம் பெண்கள் ஏறுவார்கள். கூட்டுவது, துடைப்பது, இஸ்திரி போடுவது, கிழவிகளைக் குளிப்பாட்டுவது. இவற்றோடு பிள்ளை பார்ப்பதும். அந்த வீடுகளில் பிள்ளையோடு கதைப்பதும் வேலையில் சேர்த்தி. கதைக்காத ஆளை வீட்டுக்காரி வைத்திருக்க மாட்டாள்.

இக்கட்டுரை எமது பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் அதற்கு ஓர் அரசனின் கல்லறை வழியாகப் போகவேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு மாலை நிலையத்தின் காத்திருப்பு இடத்தில் இருந்தோம். கத்தானியாவிலிருந்து வரவேண்டிய ரயில் வழக்கம்போலப் பிந்தியிருந்தது. பக்கத்து வாங்கில் எம்மவரான ஓர் இளம் தகப்பன், தள்ளுவண்டியில் ஒன்பது பத்து மாதக் குழந்தை. அவர் களைத்துப்போயிருந்தார், கண் ரெலிபோனில். குழந்தை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டுப் பார்த்தது. காலை உதைத்துப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டு மேலே கூரையைப் பார்க்கத் தொடங்கியது. அப்போது எதிரே இருந்த சிசிலியக் கிழவி ஒருத்தி, யாரையும் கேட்காமல், முன்னால் குனிந்து இரண்டு கையையும் தட்டினாள். குழந்தை திரும்பியது. கிழவி மீண்டும் தட்டினாள். மூன்றாம் தடவை குழந்தை தன் கைகளைச் சேர்த்தது. சத்தம் வரவில்லை, ஆனால் சேர்த்தது. தகப்பனும் தலையை நிமிர்த்திச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாங்கிலிருந்து எழுந்து வியா மக்வேதா வழியே நடந்து, நாற்சந்தியான குவாத்ரோ கந்தியில் இடப்பக்கம் திரும்பினால், அரைமணி நேரத்துக்குள் பலெர்மோ பேராலயம் வந்துவிடும். உள்ளே, சிங்கங்கள் தாங்கும் செந்நிறக் கல்பேழை ஒன்றில் சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடெரிக் கிடக்கிறார். 1250இல் இறந்தவர். இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் தாய் கொன்ஸ்தான்சாவின் கல்லறை, தகப்பன் ஆறாம் ஹென்றியின் கல்லறை. தகப்பன் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது நிறையவில்லை. தாய் இறந்தபோது நான்கு நிறையவில்லை. இடையில் 1198இல் இதே நகரத்தில் அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு முடி சூட்டினார்கள். அரண்மனைக்காரர் தங்களுக்குள் அடிபட, அநாதைப் பையன் தெருக்களில் திரிந்ததாகவும், நகரத்து வீடுகள் முறைவைத்துச் சோறு போட்டதாகவும் ஒரு கதை இருக்கிறது. கதைதான். ஆனால் அரபும் கிரேக்கமும் லத்தீனும் சிசிலிய மொழியும் ஒரே சந்தையில் கேட்ட ஊரில் அவர் வளர்ந்தார் என்பது கதையல்ல. பல பாஷை தெரிந்தவர். பருந்து வேட்டை பற்றிப் பெரிய நூலே எழுதியவர். எதையும் சோதித்துப் பார்க்கும் ஆள்.

அந்தச் சோதனைக் குணத்தைப் பற்றித்தான் சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவி எழுதிவைத்தார். பார்மா நகரத்துக்காரர். 1280களில், அதாவது அரசர் இறந்து முப்பது வருடங்களுக்குப் பின், தமது நாளாகமத்தில் பிரெடெரிக்கின் பைத்தியக்காரத்தனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் ஒன்று இது: மனிதனுக்கு இயல்பாக வரும் மொழி எது என்று அறிய அரசர் ஆசைப்பட்டார். சில சிசுக்களைச் செவிலியரிடம் கொடுத்து, பால் கொடுங்கள், குளிப்பாட்டுங்கள், ஆனால் ஒரு சொல்லும் பேசக்கூடாது, கொஞ்சக்கூடாது என்று கட்டளையிட்டார். பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது எபிரேயம் பேசுமா, கிரேக்கமா, லத்தீனா, அரபா, அல்லது பெற்றாரின் மொழியா என்பது கேள்வி. விடை கிடைக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் இறந்துபோயின.

இது நடந்ததா? சலிம்பேனே பாப்பரசரின் கட்சிக்காரர். பிரெடெரிக்கோ இரண்டு தடவை திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஓர் எழுத்துப் பிழைக்காக எழுதுவினைஞர் ஒருவரின் பெருவிரலை அரசர் வெட்டுவித்தார் என்ற கதையும் அதே பட்டியலில்தான் வருகிறது. எகிப்திய அரசன் ஒருவன் இரண்டு குழந்தைகளை ஆட்டு மந்தைக்கு நடுவே பேச்சில்லாமல் வளர்ப்பித்தான் என்ற கதை அதற்கு ஆயிரத்தெழுநூறு வருடங்களுக்கு முன்னரே ஏரோதோத்தசு எழுதியது. எனவே சந்தேகப்படுவது நியாயம்.

எம்மைப் பிடித்துக்கொண்டது சோதனையல்ல. அது ஏன் தோற்றது என்பதற்குத் துறவி கொடுக்கும் காரணம். பால் போதாமல் சாகவில்லை, குளிரில் சாகவில்லை. செவிலியரின் கைதட்டும், சைகையும், மகிழ்ந்த முகமும், கொஞ்சு மொழியும் இல்லாமல் சிசுக்களால் உயிர்வாழ முடியாது, அதனால் செத்தன என்கிறார். கதை பொய்யாகவே இருக்கட்டும். பொய் சொல்பவனும் கேட்பவர்கள் நம்பக்கூடிய காரணத்தைத்தான் சொல்வான். பிள்ளை பெறாத, பிள்ளை வளர்க்காத ஒரு துறவி, 1280களில், இதை விளக்கம் தேவைப்படாத விஷயமாக எழுதுகிறார். அப்படியானால் அந்தக் காலத்து இத்தாலியச் செவிலியர் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. காரணங்களில் அவர் முதலாவதாக வைத்தது கைதட்டு.

கைதட்டு என்றதும் தமிழ் படித்தவருக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். பிள்ளைத்தமிழின் நான்காம் பருவம் சப்பாணி. பாணி என்றால் கை; இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. (இந்தச் சொல்லுக்கு இன்று எம்மவரிடம் நொண்டி என்ற பொருள்தான் முதலில் வருகிறது. சினிமா செய்த வேலை அதில் பாதி.) காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதன் பிறகு ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று பிரியும். மாதக் கணக்கில் பாட்டியல் நூல்கள் கொஞ்சம் வேறுபட்டாலும், செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டி, சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டி, வாரானை ஒரு வயதை ஒட்டி, அம்புலி அதற்கும் பின் என்ற ஒழுங்கு பொதுவானது. தலையை நிமிர்த்தி ஆடுதல், கைகொட்டுதல், தளர்நடை போட்டு வருதல், விரல் காட்டிய திசையில் நிலவைப் பார்த்தல். இன்றைய குழந்தை வைத்தியர் தமது அட்டையில் குறிக்கும் வரிசையும் ஏறத்தாழ இதுதான்.

இதைச் சொல்லிவிட்டு எம்மவர் வழக்கமாகச் செய்வதுபோல எல்லாம் எங்களிடம் அன்றே இருந்தது என்று மார்தட்ட நாம் விரும்பவில்லை. பிள்ளைத்தமிழ் கடவுளுக்கும் அரசனுக்கும் பாடியது. பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்குப் பாடினார், அந்த அரசர் அப்போது தொட்டிலில் கிடக்கவில்லை. பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உண்மையில் கைகொட்டிய கிழவிகளின் பெயர் எந்தப் பாயிரத்திலும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு பருவமும் ஒரு வேண்டுதல்: செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா. பெரியவர் கேட்கிறார், பிள்ளை செய்கிறது, பெரியவர் மீண்டும் கேட்கிறார். பிள்ளை வளர்வதை அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் பாட்டல்ல அது. கூப்பிட்டு இழுப்பவரின் பாட்டு.

பிரெடெரிக்கின் சோதனையை உண்மையிலேயே செய்தவர் என்று சொல்லத்தக்கவர் அக்பர். 1580ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிசுக்களைத் தாய்மாரிடமிருந்து வாங்கி, பேசாத செவிலியரோடு தனி வீட்டில் அடைத்துவைத்தார். மக்கள் அதைக் குங் மஹல், ஊமை மாளிகை என்றார்கள். சில ஆண்டு கழித்து அவர் போய்ப் பார்த்தபோது பேச்சு எதுவும் வரவில்லை, ஊமைச் சத்தங்களே வந்தன என்று அவருடைய சொந்த அவைக்காரர் அபுல் பசலே எழுதினார். பதாவூனி என்ற மற்றவர், சில பிள்ளைகள் இறந்தும் போயின என்கிறார்.

பிறகு அரசர்கள் தேவைப்படவில்லை. நல்ல மனதோடு கட்டிய நிறுவனங்களே அதைச் செய்தன. இத்தாலியின் நகரங்களில் ஆலயச் சுவரிலோ வைத்தியசாலைச் சுவரிலோ சுழலும் மரத்தொட்டி ஒன்று இருக்கும். வெளியே வைத்துத் திருப்பினால் சிசு உள்ளே போய்விடும். சிசிலியில் இன்றும் காணும் த்ரொவாதோ, ப்ரொயெத்தோ போன்ற குடும்பப் பெயர்கள் கண்டெடுத்தது, எறியப்பட்டது என்ற பொருளில் அந்தத் தொட்டிகளிலிருந்து வந்தவை. உள்ளே போனவற்றில் பெரும்பகுதி ஒரு வயதைக் காணவில்லை. பால் போதாமை ஒரு காரணம், நோய் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை எண்ணிக்கையாக நிறுவ 1945 வரை செல்லவேண்டியிருந்தது.

வியன்னாவில் பிறந்து நியூயோர்க் சென்ற ரெனே ஸ்பிற்ஸ் என்ற வைத்தியர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த பிள்ளை மடம். கைதிகளான தாய்மார் தாங்களே வந்து தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மற்றது சுத்தமும் உணவும் மருத்துவமும் நிறைந்த அநாதைச் சிசு இல்லம்; எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தாதி. தொட்டிலின் பக்கங்களில் துணி போட்டு மறைத்திருந்தார்கள், பிள்ளைக்குத் தெரிவது கூரை மட்டும். அந்தச் சுத்தமான இல்லத்தில் 91 பிள்ளைகளில் 34 பேர் இரண்டு வயதுக்குள் இறந்தார்கள். சிறையில் ஒருவரும் இறக்கவில்லை. பின்னாளில் ஆய்வு முறையில் குறை கண்டவர்கள் உண்டு. ஆனால் 1989க்குப் பின் ருமேனியாவின் அநாதை இல்லங்களின் கதவுகள் திறந்தபோது, ஆடி ஆடித் தம்மைத் தாமே தாலாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது.

இனி எமது கதைக்கு வருவோம். தொண்ணூறுகளில் பலெர்மோவில் பிள்ளை பெற்ற எம்மவரில் கணிசமானோர் அந்தப் பிள்ளையை ஊருக்கு, அல்லது கொழும்பில் இருந்த உறவினரிடம், அனுப்பினோம். தங்கி வேலை செய்பவளுக்கு வீட்டுக்காரி பிள்ளையோடு இடம் கொடுக்கமாட்டாள். மணிக்கணக்கில் வேலை செய்பவளுக்குப் பகலில் பார்க்க ஆளில்லை. அசீலோ நிதோ என்ற மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பராமரிப்பு நிலையங்களுக்கு 1971இல் சட்டம் வந்தது. ஐந்தாண்டில் 3,800 கட்டுவதாக அச்சட்டம் சொன்னது. வடக்கில் கட்டினார்கள், ரெஜ்ஜோ எமிலியா போன்ற இடங்களில் உலகமே வந்து பார்க்கும்படி கட்டினார்கள். தெற்கில் வரிசைதான் நீண்டது. எனவே அனுப்பினோம். கடனும் இருந்தது. அங்கே அம்மம்மா இருக்கிறா, பால்மா அனுப்பினால் போதும் என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம்.

நாமும் எட்டு மாதத்தில் அனுப்பினோம். நான்கு வயதில் திரும்ப எடுத்தோம். ரோம் வரை ஒரு சித்தி கூட்டிவந்து, அங்கிருந்து அந்தக் கப்பலேறும் ரயிலில் கொண்டுவந்தா. மேடையில் இறங்கியதும் பிள்ளை சித்தியின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இது ஆர் என்று சித்தி கேட்டா. "பெட்டி அனுப்புற ஆக்கள்" என்றாள். நாம் இருவரும் சிரித்தோம். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று இரவு சிரிப்பு வரவில்லை.

பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்திருந்தாள் என்பதையும் எழுதவேண்டும். அம்மம்மா அவளோடு ஓயாமல் கதைத்திருக்கிறா. இடம்பெயர்ந்து ஓடியபோதும், பதுங்குகுழிக்குள் இருந்தபோதும் கதைத்திருக்கிறா. நாலு வயதில் நாற்பது வயதுக்காரியின் தமிழ் பேசினாள். சேதமாகியது அவளல்ல, எமக்கும் அவளுக்கும் இடையில் இருந்திருக்கவேண்டிய ஒன்று. அதைவிட, அம்மம்மாவிடமிருந்து பிடுங்கி எடுத்த இரண்டாவது பிரிவு. இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் அன்னா பிராய்ட்டும் டொரதி பேர்லிங்ஹாமும் ஹம்ஸ்ரெட்டில் போர்க்காலப் பிள்ளை இல்லங்கள் நடத்தினார்கள். குண்டுவீச்சுக்கு நடுவே தாயோடு இருந்த சிறு பிள்ளைகளைவிட, பாதுகாப்புக்கென்று தாயைப் பிரித்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பிய பிள்ளைகளே அதிகம் கலங்கியிருந்தன என்று அவர்கள் கண்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு நாலைந்து பிள்ளைக்கு ஒரு தாதி என்று செயற்கைக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். ஒரே ஆள் குளிப்பாட்டி, ஒரே ஆள் தூங்கவைத்தபோது பிள்ளைகளின் நடத்தையும் பேச்சும் விரைவில் மாறின. பாதுகாப்பு, பிரிவு என்ற இரண்டையும் நிறுத்துப் பார்த்த அந்தத் தராசை நாம் 1990களில் அறிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அனுப்பித்தான் இருப்போம் என்றே நினைக்கிறோம். ஆனால் எட்டு மாதத்தில் அனுப்பி நான்கு வயதில் பிடுங்கியிருக்க மாட்டோம்.

இப்போது பிள்ளைகள் அதிகம் ஊருக்கு அனுப்பப்படுவதில்லை. வேறொன்று நடக்கிறது. தாய் தகப்பன் இருவரும் பலெர்மோவிலேயே இருக்கிறார்கள், பிள்ளையும் இருக்கிறது, பேச்சு இல்லை. பகல் முழுவதும் பிறர் வீட்டுப் பிள்ளையோடு உடைந்த இத்தாலியில் கொஞ்சிக் கதைத்துவிட்டு வரும் தாய்க்குத் தன் பிள்ளையோடு கதைக்க வாயில் ஒன்றும் மிச்சமில்லை. நாம் குறை சொல்லவில்லை. அந்தக் களைப்பு எமக்குத் தெரியும். இதோடு ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, பிள்ளையைப் பார்த்த ஒரு பொறுப்பான ஆள், வீட்டில் இத்தாலிய மொழியே பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். தாய்க்குத் தெரிந்த இத்தாலி முந்நூறு சொல். அதில் பாதி சுத்தம் செய்யும் பொருட்களின் பெயர். நாக்கு வராத பாஷையில் எப்படிக் கொஞ்சுவது? வா, போ, சாப்பிடு, தொடாதே என்ற நான்கு கட்டளைகளுக்குள் அந்த வீட்டின் பேச்சு சுருங்கியது.

ஆய்வுகள் அந்தப் பொறுப்பான ஆளுக்கு எதிராகத்தான் நிற்கின்றன. 1988இல் ஜாக் மெலரும் கூட்டாளிகளும் பாரிஸில் பிறந்து நான்கே நாளான சிசுக்கள் பிரெஞ்சையும் ரஷ்ய மொழியையும் ஓசையால் பிரித்தறிவதைக் காட்டினார்கள். வயிற்றுக்குள்ளேயே தாயின் பேச்சோசை போய்விடுகிறது. எனவே யாழ்ப்பாணத் தமிழின் இழுவை, பிறக்கும்போதே பலெர்மோப் பிள்ளையின் காதில் இருக்கிறது; இத்தாலிய மொழியை அது வெளியில், பள்ளியில், பந்தடிக்கும் முற்றத்தில் எப்படியும் பிடித்துக்கொள்ளும். பள்ளி தராததைத்தான் வீடு தரவேண்டும்.

தமிழ் வேண்டும் என்பவர்கள் இன்னொரு பிழை விடுகிறார்கள். முன்பு கசெற், பிறகு தொலைக்காட்சி, இப்போது கைத்திரை. பாட்டைப் போட்டுவிட்டால் தமிழ் ஏறிவிடும் என்று நம்புகிறார்கள். 2003இல் பற்றீசியா கூல் என்பவர் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒன்பது மாதப் பிள்ளைகளோடு ஒரு பரிசோதனை செய்தார். ஒரு பகுதிப் பிள்ளைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் இருந்து, பன்னிரண்டு தடவை, விளையாட்டுப் பொருள் காட்டிக் கதைத்தார். அந்தப் பிள்ளைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கண்டவையும் ஒலிநாடாவில் கேட்டவையும் எதையும் கற்கவில்லை. ஒலி ஒன்றுதான்; ஆனால் திரும்பிப் பார்க்கும் கண் இல்லை. அதற்கு முன்னர், எழுபதுகளில், எட்வேர்ட் ட்ரோனிக் தாய்மாரிடம் இரண்டொரு நிமிடம் மட்டும் முகத்தை அசைக்காமல் இருக்கச் சொன்னார். சிசு சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நிலையத்து வாங்கில் நாம் கண்டது அதே ஒழுங்கில் நடந்தது. நல்லவேளையாக எதிரில் கிழவி இருந்தாள்.

பழைய ஆயிரம் லீராத் தாள் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் நாம் ஊருக்கு அனுப்பச் சேர்த்த அந்தத் தாளில் ஒரு மூதாட்டியின் முகம் இருந்தது. மரியா மொன்தெஸ்ஸோரி. பிரெடெரிக் பிறந்த யேசிக்கு அண்டை ஊரான கியாரவல்லேயில் 1870இல் பிறந்தவர். 1907இல் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், தாய் தகப்பன் வேலைக்குப் போன பிள்ளைகளுக்காக முதல் பிள்ளை வீட்டைத் திறந்தார். அதன் காரணத்தைக் கவனியுங்கள், எமது காரணமேதான். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவரானார். மகன் மாரியோவை அகமதுநகரில் அடைத்தார்கள், தாயை அடையாறு வளவுக்குள் மறித்தார்கள். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனை விட்டார்கள். போர் முடியும்வரை அங்கேயே. சில காலம் கொடைக்கானலில். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். சிசுவின் மனம் சுற்றியுள்ள பேச்சையும் முகங்களையும் உறிஞ்சுகிறது என்று 1949இல் வெளிவந்த அவருடைய நூல், இந்தியாவில் செய்த உரைகளிலிருந்து பிறந்தது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் தாயிடமிருந்து அந்தப் பிள்ளை என்னவெல்லாம் கற்கிறது என்று அவர் வியந்து சொன்னார். எமது பெண்களைப் பார்த்து ஓர் இத்தாலியப் பெண் கற்றுக்கொண்டு போனதை, எமது பெண்கள் அவளுடைய நாட்டுக்கு வந்து, அவளுடைய படம் போட்ட காசுக்காக விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் கசப்பாகச் சொன்னார். அது கொஞ்சம் கூடிய பேச்சு. ஆனாலும் மறக்கமுடியவில்லை.

இதற்குக் கனக்கச் செலவோ படிப்போ வேண்டியதில்லை என்பதற்கு எமக்குப் பிடித்த சாட்சி ஜமேய்க்கா. எண்பதுகளின் நடுவில் கிங்ஸ்ரனின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை சாலி கிரான்தம்-மக்கிரெகர் என்ற வைத்தியர் தெரிவு செய்தார். சிலருக்குப் பால்மா. சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து, வெறும் போத்தல், பெட்டி, துணி ஆகியவற்றில் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்து, பிள்ளையோடு எப்படிக் கதைத்து விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தது. இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, கதைத்து விளையாடிய வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ கால்வாசி கூடச் சம்பாதித்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவு அது. பால்மா மட்டும் கொடுத்ததன் பயன் நிலைக்கவில்லை. பெட்டி பெட்டியாகப் பால்மா அனுப்பிய எமக்கு அந்தப் பக்கத்தை வாசிக்க ஒரு மாதிரியாக இருந்தது.

பலெர்மோவில் அப்படி வீடு வீடாகப் போக எம்மிடம் ஆளில்லை என்று சொல்வதும் சரியில்லை. வருடந்தோறும் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரினோ மலையேறும் எம் பெண்களில் பேரப்பிள்ளை கண்டவர்கள் எத்தனை பேர்! முழங்கால் நோவோடு மலை ஏறுகிறவர்களுக்கு மூன்றாம் மாடி ஏறவா கஷ்டம்? வேலையால் வந்த இளந்தாய் உலை வைக்கும் அரைமணி நேரம் ஒரு கிழவி பிள்ளையை மடியில் வைத்திருந்து கைகொட்டினால் போதும். தாய் வெங்காயம் உரித்தபடி, இது வெங்காயம், கண் எரியுது பார் என்று சொன்னாலும் போதும். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. குளிப்பாட்டும்போதும் சட்டை போடும்போதும் வாய் சும்மா இருக்காவிட்டால் சரி.

எமது பிள்ளை வந்து பதினொரு கிழமை எம்மை அம்மா என்றோ அப்பா என்றோ கூப்பிடவில்லை. இஞ்ச, என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுக்கு வந்திருந்த ஒரு கைக்குழந்தையைத் தூக்கிவந்து எமது கட்டிலில் கிடத்தியிருந்தோம். அது சிணுங்கத் தொடங்கியது. நாம் இருவரும் பால் போத்தலைத் தேடிக்கொண்டிருக்க, இவள் கட்டிலில் ஏறிக் குந்தியிருந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்படியே அம்மம்மாவின் குரலில் அதைக் கூப்பிட்டுக் கைகொட்டத் தொடங்கினாள். பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா நிக்கிறியள். நீங்களும் கொட்டுங்கோவன்."